டாக்டர்கள் கதவடைத்த இருபத்து மூன்று நாள்

நாம் பாடம் சொல்லும் வகுப்பில் ஒரு பையன் பதினைந்து நாளாக வரவில்லை. கெட்டிக்காரப் பையன், காரணமின்றி ஒரு நாளும் நின்றவன் அல்லன். விசாரித்ததில், தகப்பனாருக்கு இருதயத்தில் கோளாறு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள் பையன் வந்தான். தகப்பனார் பிழைத்துவிட்டார். ஆனால் வீட்டின் பேரில் கடன் ஏறிவிட்டது. தாயாரின் நகைகள் அடகுக் கடைக்குப் போய்விட்டன.

"இன்ஷியூரன்ஸ் இருந்ததல்லவா, தம்பி?" என்று கேட்டோம்.

"இருந்தது, சார். ஆனால், இது முன்னாலேயே இருந்த வியாதி என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டார்கள்" என்றான்.

அன்று மாலை வீடு திரும்பும்போது நம் மனம் ஒரு நிலையில் இல்லை. வியாதி என்பது யாருடைய பொறுப்பு? அவனவன் சம்பாத்தியத்துக்குத் தக்கபடி கம்பெனியில் பணம் கட்டித் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வேண்டியதா? அல்லது எல்லாரும் கொடுக்கும் வரியிலிருந்து எல்லாருக்கும் சர்க்காரே வைத்தியம் செய்விக்க வேண்டியதா? உலகத்தில் பல தேசங்கள் இந்தக் கேள்வியோடு மல்லாடியிருக்கின்றன. ஆகாயத்தில் தர்க்கம் செய்து பிரயோஜனம் இல்லை. இந்த வழக்கு நேருக்கு நேர் நடந்து தீர்ந்த ஓர் இடத்துக்கு நேயர்களை அழைத்துச் செல்கிறோம். அது கானடா தேசத்திலுள்ள ஸஸ்காச்சவான் என்னும் மாகாணம்.

ஒரு சிறுவனின் முழங்கால்

கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல். குளிர் காலம் வந்தால் அத்தனையும் பனி. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே மைல் கணக்கில் வெற்று வெளி. ஸஸ்காச்சவான் இப்படிப்பட்ட பூமி. அதன் சரித்திரத்தை மாற்றியவரின் கதையோ வேறு ஒரு மாகாணத்தில், வினிபெக் என்ற நகரத்தில், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆரம்பமாகிறது.

டாமி டக்ளஸ் 1904-ம் வருஷம் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தகப்பனார் இரும்பு வார்க்கும் தொழிலாளி. குடும்பம் கானடாவுக்குக் குடியேறியபோது சிறுவனுக்கு முழங்காலில் எலும்பு வியாதி. எத்தனையோ நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தும் குணமாகவில்லை. காலை வெட்டி எடுத்துவிடுவதே வழி என்று தீர்மானமாயிற்று. அச்சமயம் பெயர் பெற்ற ஒரு ரண சிகிச்சை நிபுணர் அந்தப் பக்கம் வந்தார். தம் மாணவர்கள் கூட இருந்து பார்க்கப் பெற்றோர் சம்மதித்தால், காசு வாங்காமலே சிகிச்சை செய்வதாகச் சொன்னார். சம்மதித்தார்கள். கால் பிழைத்தது.

டக்ளஸ் அந்த நிபுணரிடம் கடைசி வரையில் நன்றி பாராட்டினார். ஆனால் அவர் மனத்தில் ஒரு முள் தைத்தது. 'என் கால் பிழைத்தது ஒரு பெரியவரின் தயவினால். அன்று அவர் அந்தப் பக்கம் வராதிருந்தால்? பக்கத்துக் கட்டிலில் கிடந்தவனிடம் அவர் நிற்காமல் போயிருந்தால்?' இந்த எண்ணத்தை அவர் பிற்காலத்தில் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

பஞ்சம் கற்பித்த பாடம்

1930-ம் வருஷத்தில் டக்ளஸ் பாதிரியாராக ஸஸ்காச்சவானிலுள்ள வேபர்ன் நகருக்கு வந்தார். வந்த நேரம் பொல்லாத நேரம். ஒரு பக்கம் உலகமெங்கும் வியாபார மந்தம். இன்னொரு பக்கம் மழை பொய்த்துப் புழுதிப் புயல் வயல்களைத் தின்றது. குடியானவனிடம் காசில்லை, காசில்லாத இடத்தில் டாக்டருக்கும் பிழைப்பில்லை.

அந்தக் குடியானவர்கள் வாளாவிருக்கவில்லை. பல கிராமப் பஞ்சாயத்துக்கள் வரிப் பணத்திலிருந்து சம்பளம் கொடுத்துத் தங்களுக்கென்று ஒரு டாக்டரை வைத்துக் கொண்டன. நம் கிராமங்களில் குடிமராமத்து என்று ஒன்று இருந்ததை நேயர்கள் அறிவார்கள். ஏரியில் தூர் வாரும் காலம் வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். சொந்தக் கிணறு வெட்டிக் கொண்டவன், "எனக்கு ஏரி எதற்கு?" என்று ஒதுங்கிவிட்டால், ஏரியும் தூர்ந்து போகும், நாளடைவில் அவன் கிணற்றிலும் ஊற்று வற்றும். ஸஸ்காச்சவான் குடியானவர்கள் வைத்தியத்தில் செய்தது ஏறக்குறைய இந்தக் குடிமராமத்துத்தான்.

1944-ம் வருஷத்தில் டக்ளஸ் மாகாணப் பிரதம மந்திரி ஆனார். சுகாதார இலாகாவையும் தாமே வைத்துக் கொண்டார். 1946-ல் ஸ்விஃப்ட் கரன்ட் என்ற பிரதேசத்தில் எல்லாருக்கும் வைத்தியத்தையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்து வழங்கும் திட்டம் பரீட்சையாகத் துவங்கிற்று. 1947 ஜனவரி முதல் தேதியன்று மாகாணம் முழுவதற்கும் ஆஸ்பத்திரித் திட்டம் அமுலுக்கு வந்தது. ஆளுக்கு வருஷம் 5 டாலர். குடும்பம் எவ்வளவு பெரிதானாலும் 30 டாலருக்கு மேல் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் கிடையாது.

ஆனால் இது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மட்டுமே. டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணத்தையும் பொதுப் பணத்திலிருந்தே கொடுப்பது என்று டக்ளஸ் 1959-ல் அறிவித்த போதுதான் யுத்த மேகம் திரண்டது.

ஜூலை முதல் தேதி

டாக்டர்கள் தரப்பையும் நாம் நியாயமாகக் கேட்க வேண்டும். "பணம் கொடுப்பவனே எஜமானன். நாளைக்குச் சர்க்கார் குமாஸ்தா வந்து, இந்த நோயாளிக்கு இந்த மருந்து போதும் என்று உத்தரவிட்டால் எங்கள் சுதந்திரம் என்ன ஆவது? டாக்டர்களே நடத்தும் இன்ஷியூரன்ஸ் சங்கங்கள் இருக்கின்றன. அதில் சேரச் சக்தியுள்ளவன் சேரட்டும், சக்தியில்லாத ஏழைக்கு மட்டும் சர்க்கார் பிரீமியம் கட்டட்டும்" என்றார்கள். இதை வெறும் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. சர்க்கார் கை எல்லா இடத்திலும் நுழைவது நல்லதல்ல என்று எண்ணும் யோக்கியர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

சட்டம் 1961 நவம்பரில் நிறைவேறிற்று. அதே மாதம் டக்ளஸ் அகில தேச அரசியலுக்குப் போக, உட்ரோ லாயிட் பிரதம மந்திரி ஆனார். இவர் முன்பு பள்ளிக்கூட உபாத்தியாயர் என்பதை நம் தொழிலைக் கருதிச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறோம். அதிர்ந்து பேசாத மனிதர். 1962 மே மாதத்தில் டாக்டர்களின் மகாசபைக்குத் தாமே நேரில் சென்று விஷயத்தை எடுத்துச் சொன்னார். கூச்சலும் கேலியும்தான் பதிலாகக் கிடைத்தன. சட்டத்தின் கீழ் வேலை செய்ய மறுப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றதும், ஏறக்குறைய சபை முழுவதும் எழுந்து நின்றது.

ஜூலை முதல் தேதி சட்டம் அமுலுக்கு வந்தது. அன்றே மாகாணத்து டாக்டர்களில் பெரும்பாலோர் வைத்தியசாலைகளைப் பூட்டினார்கள். அவசர சிகிச்சைக்கென்று சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் டாக்டர்கள் இருந்தார்கள். வேலைநிறுத்தத்தின் ஆரம்பத்திலேயே ஒரு பச்சைக் குழந்தை மாண்டது. மூளைக் காய்ச்சல் கண்ட அந்த ஒன்பது மாதக் குழந்தையை எடுத்துக் கொண்டு, டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரியைத் தேடிப் பெற்றோர் காரில் அலைந்தார்கள். எல்லாக் கதவும் திறந்திருந்தாலும் அது பிழைத்திருக்குமோ என்னவோ, யார் சொல்ல முடியும்? ஆனால் தேசம் முழுவதும் ஒரு கணம் நெஞ்சு நின்றது.

ஊருக்கு ஊர் 'எங்கள் டாக்டர்களை எங்களுக்கு விடுங்கள்' என்ற கிளர்ச்சிச் சங்கங்கள் கிளம்பின. பத்திரிகைகளில் பெரும்பாலானவை சர்க்காரைத் திட்டின. ஜூலை 11-ம் தேதி, தலைநகரான ரெஜைனாவில் சட்டசபைக் கட்டிடத்தின் முன்பு பிரமாதமான ஊர்வலத்துக்கு ஏற்பாடாயிற்று. பதினாயிரக் கணக்கில் ஜனங்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் நாலாயிரம் ஐயாயிரம் பேர்தான். அன்றே காற்றுத் திசை மாறிவிட்டது. இதற்கிடையில் பிரிட்டனிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் டாக்டர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜனங்களே கூடிச் சில ஊர்களில் சமூக வைத்தியசாலைகளைத் திறந்தார்கள்.

பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையைச் சேர்ந்த டெய்லர் பிரபு, தாமும் ஒரு டாக்டர், மத்தியஸ்தம் செய்ய வந்தார். ஜூலை 23-ம் தேதி ஸஸ்காட்டூன் நகரில் ராஜி ஏற்பட்டது. எல்லாருக்கும் பொது இன்ஷியூரன்ஸ் என்ற தத்துவம் நிலைத்தது. விரும்பும் டாக்டர் திட்டத்துக்கு வெளியே தொழில் நடத்தலாம் என்பது முதலிய சலுகைகள் கிடைத்தன. டாக்டர் சர்க்கார் சிப்பந்தி ஆகவில்லை; பார்த்த நோயாளிக்குத் தக்க கட்டணம் அவருக்குப் பொது நிதியிலிருந்து கிடைத்தது. அவ்வளவுதான் மாறுதல்.

லாயிட் 1964 தேர்தலில் தோற்றார். ஆனால் ஜயித்து வந்த எதிர்க்கட்சியார் திட்டத்தை ஒழித்துவிடவில்லை. இரண்டு வருஷம் அனுபவித்த ஜனங்களிடமிருந்து அதைப் பிடுங்கத் துணிவார் யார்?

நீதிபதியின் தீர்ப்பு

இதற்குள் தேச சர்க்கார், இவ்விஷயத்தை விசாரிக்க நீதிபதி எம்மெட் ஹால் என்பவர் தலைமையில் ஒரு கமிஷன் நியமித்திருந்தது. அவர் பழமைக் கட்சிக்காரர். அவரை நியமித்த பிரதம மந்திரி டீஃபன்பேக்கரின் கல்லூரித் தோழர். தனியார் இன்ஷியூரன்ஸ் பக்கமே சாய்வார் என்று பலர் நம்பினார்கள். 1964-ல் அறிக்கை வெளிவந்தபோது கம்பெனிகளும் டாக்டர்களும் திடுக்கிட்டார்கள். எல்லாருக்கும் பொதுவான திட்டமே வேண்டும் என்றார் நீதிபதி.

காரணம் என்ன? ஏழைக்கு மட்டும் சர்க்கார் பிரீமியம் கட்டுவதென்றால் யார் ஏழை என்று பரீட்சை செய்ய வேண்டும். லட்சக் கணக்கான கௌரவமான குடும்பங்கள், 'எங்களுக்குச் சக்தியில்லை' என்று மனுப்போட்டு நிரூபிக்க வேண்டும். அதற்கென்று ஓர் உத்தியோகஸ்தர் பட்டாளம். போதாததற்குப் பல கம்பெனிகள் தனித்தனியே நடத்தும் நிர்வாகச் செலவு வேறு. இதையெல்லாம் விட்டு எல்லாரையும் ஒரே ஏரிக்கரையில் சேர்ப்பதே சிக்கனம் என்று அவர் கண்டார்.

இன்னொன்றும் உண்டு. இது கம்பெனிக்காரர்களின் துர்க்குணம் அல்ல, கணக்கின் குணம். பிரீமியம் வாங்கிப் பில் கொடுப்பவனுக்கு ஆரோக்கியமானவனே லாபம், நோயாளியே நஷ்டம். ஆகவே நோய் வரக்கூடியவனுக்குப் பிரீமியம் ஏறும். நோய் வந்தவனுக்குக் கதவு சாத்தும். வைத்தியம் யாருக்கு மிகவும் தேவையோ அவனே வெளியில் நிற்பான். எல்லாரும் சேர்ந்த பானையில் மட்டுமே இந்தக் கணக்கு மாறும்.

1966-ல் கானடா பார்லிமெண்டின் கீழ்ச்சபை 177-க்கு 2 என்ற வோட்டில் மசோதாவை ஏற்றுக் கொண்டது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்தன. 1984-ம் வருஷத்துச் சட்டம், நோயாளியிடம் டாக்டர்கள் மேல் கட்டணம் வசூலிப்பதற்கு இடமளிக்கும் மாகாணத்துக்குத் தேச சர்க்காரின் மானியத்தைக் குறைத்தது. 2004-ல் கானடாவின் தலைசிறந்த மனிதர் யார் என்று ஒலிபரப்பு ஸ்தாபனம் ஒன்று நேயர்களைக் கேட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர் டாமி டக்ளஸ்.

குறைகளும் உண்டு

கானடாவில் எல்லாம் ஸ்வர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அவசரமில்லாத ரண சிகிச்சைக்கு மாதக் கணக்கில் காத்திருக்க நேர்கிறது. இந்தக் காத்திருப்பே ஒரு வழக்காகி, 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு, தனியார் இன்ஷியூரன்ஸைத் தடுத்த க்யூபெக் மாகாணச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் செய்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்கும் மருந்து, பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி இவை ஆதியிலிருந்தே திட்டத்தில் சேராமல் நின்றன. சமீப வருஷங்களில்தான் இவற்றில் சிலவற்றுக்கு வழி தேடுகிறார்கள்.

ஆனால் பக்கத்து வீட்டையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஜனாதிபதி ட்ரூமன் 1945-லேயே எல்லாருக்கும் இன்ஷியூரன்ஸ் கேட்டார். வைத்தியர் சங்கத்தின் எதிர்ப்பில் அது மடிந்தது. 1965-ல் முதியோருக்கும் ஏழைகள் பலருக்கும் மட்டும் கிடைத்தது. 'முன்பே இருந்த வியாதி' என்று சொல்லிக் கதவடைப்பதைத் தடுக்க 2010-ம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. இன்றைக்கும் அங்கே சுமார் 2½ கோடிப் பேருக்கு இன்ஷியூரன்ஸ் இல்லை. அப்படியிருந்தும், தேச வருமானத்தில் கானடா வைத்தியத்துக்குச் செலவிடும் பங்கைவிட அமெரிக்கா செலவிடும் பங்கு மிக அதிகம்!

நம் தேசத்திலும் இந்த யோசனை புதிதல்ல. 1946-ல் ஜோசப் போர் தலைமையில் வெளிவந்த கமிட்டியின் அறிக்கை, பணம் இல்லாத காரணத்தால் ஒருவனுக்கும் தகுந்த வைத்தியம் கிடைக்காமல் போகலாகாது என்பதை முதல் தத்துவமாக வைத்தது. நம் டாக்டர் லக்ஷ்மணசாமி முதலியார் அதில் ஓர் அங்கத்தினர். ஸஸ்காச்சவானின் ஆஸ்பத்திரித் திட்டம் அதற்கு அடுத்த வருஷத்தில் பிறந்தது. நாம் 2018-ல் ஏழைக் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு வருஷத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டத்தை ஏற்படுத்தினோம். அதனால் பிழைத்தவர்கள் அநேகர். ஆனால் ஏழை என்ற கோட்டுக்குச் சற்று மேலே, செல்வன் என்ற கோட்டுக்கு வெகு கீழே நிற்கும் குடும்பம் என்ன செய்வது? நம் மாணவனின் குடும்பம் அந்த இடைவெளியில்தான் விழுந்தது.

பையன் இப்போது ஒழுங்காக வகுப்புக்கு வருகிறான். தகப்பனார் மெள்ள நடமாடுகிறாராம். "வட்டி கட்டுவதற்காகச் சனி ஞாயிறுகளில் கடையில் வேலை செய்கிறேன், சார்" என்று தலை குனிந்து சொன்னான். அவன் வெட்கப்படுவதற்கு அதில் என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியவர்கள், ஏரியைத் தூர்ந்து போகவிட்டு அவரவர் கிணற்றை எட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும் நாம் அல்லவா?