குதிரையில் பத்தில் ஒரு பங்கு: ஒரு ஈவென்டிங் சீசனின் கணக்கு

குதிரை என்றால் என் வயது சென்னைக்காரர்களுக்கு இரண்டே விஷயம்தான். ஒன்று, மெரினாவில் சின்னதாக ஒரு சவாரி. இன்னொன்று, கிண்டி ரேஸ். நான் வேளச்சேரியில் வளர்ந்தவன். ரேஸ் நாளில் பஸ்ஸில் ஏறினால் கையில் ரேஸ் புக்கும் காதில் பென்சிலுமாக நாலு பேராவது நிற்பார்கள். அதனால் இங்கிலாந்தில் ஆபீஸ் நண்பர் ஒருவர், "ஒரு குதிரையில் பத்தில் ஒரு பங்கு காலியா இருக்கு, சேர்றீங்களா?" என்று கேட்டபோது என் மனதில் ஓடியதெல்லாம் ரேஸ் காட்சிதான். கலர் சட்டை போட்ட ஜாக்கி, ஃபோட்டோ ஃபினிஷ், கையில் ஒரு செக். "இது ரேஸ் குதிரை இல்ல, ஈவென்டிங் குதிரை" என்று அவர் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவே இல்லை.

சீசன் முடிந்துவிட்டது. குதிரை இப்போது எங்களிடம் இல்லை. அது ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஈவென்டிங் என்றால் என்ன?

ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று பரீட்சை. முதலாவது டிரஸ்ஸாஜ். சமதரையில் சொன்னபடி நடப்பது, திரும்புவது, நிற்பது. கிட்டத்தட்ட பரதநாட்டிய அரங்கேற்றம் மாதிரி, ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் மார்க் போடுவார். இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. வயல், காடு, குளம், மேடு என்று ஓடி, அசையாத மரத் தடைகளைத் தாண்டுவது. மூன்றாவது ஷோ ஜம்பிங். இங்கே தடைகள் லேசானவை, குளம்பு பட்டாலே கம்பு விழுந்துவிடும்.

இதன் வேர் ராணுவத்தில் இருக்கிறது. ஒரு குதிரைப்படை அதிகாரியின் குதிரை அணிவகுப்பில் அடங்கி நிற்க வேண்டும், கரடுமுரடான நிலத்தில் வேகமாகச் செய்தி கொண்டுபோக வேண்டும், மறுநாளும் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இது நுழைந்தபோது ராணுவ அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம். முதன்முதலில் ஒரு பெண் ஒலிம்பிக் ஈவென்டிங்கில் சவாரி செய்தது 1964 டோக்கியோவில்தான். இன்று ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில், ஒரே பட்டியலில் மோதுகிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு அடையாளமே பேட்மின்டன் போட்டிதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கைப் பார்த்த பியூஃபோர்ட் பிரபு, 1949-இல் தன் பேட்மின்டன் மாளிகைத் தோட்டத்தில் அதை ஆரம்பித்தார். ஆமாம், நாம் மட்டையும் இறகுப் பந்துமாக ஆடும் பேட்மின்டனுக்குப் பெயர் கொடுத்ததும் அதே மாளிகைதான்.

ஸ்கோர் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது பக் கவுன்ட் மாதிரி. குறைவாக இருப்பவர் ஜெயிப்பார். டிரஸ்ஸாஜில் 68 சதவீதம் வாங்கினால் 100-லிருந்து கழித்து 32 பெனால்டி. ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பு விழுந்தால் 4, ஆக 36. கிராஸ் கன்ட்ரியில் நிர்ணயித்த நேரத்தைவிட 12 நொடி தாமதமானால், நொடிக்கு 0.4 வீதம் 4.8. மொத்தம் 40.8. குதிரை ஒரு தடையில் தாண்ட மறுத்தால் 20. ஆள் கிராஸ் கன்ட்ரியில் கீழே விழுந்தால் அத்தோடு வெளியே. முதல் பரீட்சைக்குப் பிறகு ஸ்கோர் நல்லதாக மாறவே மாறாது. அப்படியே நிற்கும், இல்லையென்றால் மோசமாகும். "டிரஸ்ஸாஜ் ஸ்கோரிலேயே முடித்தது" என்பதுதான் இவர்களுடைய உச்ச பாராட்டு.

எங்கள் சீசன்

எங்கள் குதிரை எட்டு வயது, கரும்பழுப்பு, காயடிக்கப்பட்டது. லாயத்தில் அதற்கு வேறு பெயர். நான் எனக்குள் 'கருப்பன்' என்றே கூப்பிட்டேன். பத்துப் பங்கில் இரண்டு, அதை ஓட்டிப் பழக்கும் சவாரிப் பெண்மணியுடையது. மற்ற எட்டும் எங்களைப் போன்ற எட்டுப் பேருடையது. மாதச் செலவில் என் பங்கு சுமார் 150 பவுண்டு. தீனி, லாடம், டாக்டர், வண்டி, நுழைவுக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம்.

சீசன் மார்ச்சில் ஆரம்பித்து அக்டோபரில் முடியும். ஆரம்பமே மழை. முதல் இரண்டு போட்டிகளும் தரை சேறாகி ரத்து. ஏப்ரலில் ஒரு நாவிஸ் போட்டி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் கிராஸ் கன்ட்ரி தடைகள் 1.10 மீட்டர் உயரம், வேகம் நிமிடத்துக்கு 520 மீட்டர். கருப்பன் ஆறாவதாக வந்தான். ரிப்பன் கொடுத்தார்கள், பரிசுப் பணமும் கொடுத்தார்கள். அது நுழைவுக் கட்டணத்தில் பாதிகூட வராது.

ஜூனில் தண்ணீருக்குள் இறங்க மறுத்து 20. ஜூலையில் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். மைதானத்தில் சவாரிப் பெண்மணி குனிந்து, பூட்ஸ் குதிகாலால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் தரை சிமென்ட் போல இறுகியிருந்தது. "இன்னைக்கு டிரஸ்ஸாஜும் ஜம்பிங்கும் மட்டும். கிராஸ் கன்ட்ரி ஓட்ட மாட்டேன்" என்றார். கடினத் தரையில் வேகமாக ஓடினால் குதிரையின் கால் நரம்புகள் பழுதாகலாம். அதில் ஒரு வருடமே போய்விடும். எனக்குள் எரிச்சல். பணம் கட்டியது நாங்கள், லீவு போட்டது நான். ஆனால் ஓட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான்தான் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு டூ ஸ்டார் நீண்ட வடிவப் போட்டி, பல நாள் நடப்பது. அதில் ஒரு சடங்கு உண்டு. ஆரம்பிக்கும் முன்பும், கிராஸ் கன்ட்ரிக்கு மறுநாள் காலையிலும், ஒவ்வொரு குதிரையையும் நடுவர்களும் கால்நடை டாக்டரும் பார்க்க ஓட்டிக் காட்ட வேண்டும். லேசாக நொண்டினாலும் ஆட்டம் முடிந்தது. கடைசி நாள் காலை அந்த முப்பது மீட்டர் ஓட்டத்தைப் பார்த்தபோது, என் மகனின் பப்ளிக் எக்ஸாம் ரிசல்ட்டுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. கருப்பன் தேறினான். அன்று ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்புகூட விழவில்லை. 31.4-இல் ஆரம்பித்து 31.4-இலேயே முடித்தான். நாலாவது இடம்.

பத்து நாளில் ஒரு மெயில் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் கருப்பனை வாங்கக் கேட்டார். நான் பங்குக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு விலை.

ரேஸ் முதலாளியும் ஈவென்டிங் முதலாளியும்

இங்கேதான் ரேஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைத்தது.

எப்ஸம் டெர்பியில் ஒரு குதிரை சுமார் 2,400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடி முடிக்கும். ஜெயித்தால் பரிசு ஒரு பக்கம், இனப்பெருக்க வருமானம் அதைவிடப் பெரிது. டெர்பியில் காயடித்த குதிரைகளைச் சேர்ப்பதே இல்லை. ஆக, அங்கே குதிரை ஓய்வு பெற்ற பிறகும் ஒரு சொத்து. ஜாக்கி பல சமயம் ரேஸ் அன்றுதான் முதன்முதலாக அந்தக் குதிரை மேல் ஏறுவார். ஜாக்கியை மாற்றலாம், முதலாளிக்கு நஷ்டமில்லை.

ஈவென்டிங்கில் பெரும்பாலான ஆண்குதிரைகள் காயடிக்கப்பட்டவை. ஓய்வு பெற்றால் விலை கிட்டத்தட்ட பூஜ்யம். அதை உருவாக்க வருடக்கணக்காகிறது, அதுவும் பெரும்பாலும் ஒரே ஆளின் கையில். மார்க் டாட் 1984, 1988 இரண்டு ஒலிம்பிக் தங்கத்தையும் கரிஸ்மா என்ற ஒரே குதிரையில் வாங்கினார். மைக்கேல் யுங் 2012, 2016 தங்கங்களை சாம் என்ற ஒரே குதிரையில் வாங்கினார். அந்த சாமின் உரிமையாளர் பட்டியலில் ஜெர்மன் ஒலிம்பிக் குதிரையேற்றக் குழுவும் இருந்தது. நல்ல குதிரை கைமாறிப் போகாமல் இருக்க ஒரு நாட்டின் அமைப்பே பங்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு இது முக்கியம்.

கைமாறும் குதிரைகளின் கதையும் உண்டு, அதில் நமக்கும் பங்கு இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஃபுவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வாங்கினார். 1982 டெல்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம் அது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆவது இடம். இரண்டிலும் அவர் சவாரி செய்தது செய்ன்யூர் மெடிகாட் என்ற குதிரை. அதற்கு முன் அதை ஓட்டியவர் ஜெர்மனியின் பெட்டினா ஹோய். வாங்கிக் கொடுத்தது ஒரு பெங்களூர் நிறுவனம். அன்று நாம் கைதட்டியபோது, வேறு ஒரு லாயத்தில் ஓர் இடம் காலியாக இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஒலிம்பிக்குக்குப் போகும் குதிரையின் உரிமையாளர் சவாரி செய்பவரின் நாட்டைச் சேர்ந்தவராக, அந்த ஆண்டு ஜனவரிக்குள் பதிவாகியிருக்க வேண்டும். அதனால் முந்தைய இலையுதிர் காலத்தில் குதிரைச் சந்தை சூடாகும்.

ஓட்டெடுப்பு

விற்க வேண்டுமென்றால் பத்தில் ஆறு பங்கு சம்மதிக்க வேண்டும். நான் வழக்கம்போல ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். விற்றால் இவ்வளவு, வைத்திருந்தால் மாதம் இவ்வளவு, கால் அடிபட்டால் இவ்வளவு. ஷீட் தெளிவாக 'விற்கலாம்' என்றது. மனம் கேட்கவில்லை. நாலு வயதில் வந்த குதிரையை நாலு வருடம் விடியற்காலை எழுந்து பழக்கியவர் அவர். பேப்பரில் அவருக்கு இரண்டு பங்கு, ஒன்றும் செய்யாத எனக்கு ஒன்று. 'வேண்டாம்' என்று ஓட்டுப் போடுவதுதான் நியாயம் என்று முடிவு செய்து அவருக்கு போன் செய்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க எனக்காக வேண்டாம்னு போடாதீங்க. போட்டியில வர்ற பணத்துல எந்த லாயமும் ஓடாது. குதிரையை உருவாக்கி விக்கிறதுதான் என் சம்பளம். இவனை வச்சுக்கணும்னு ஆசைதான். ஆனா லாயத்துல இன்னும் ஆறு இருக்கு, வேலை செய்யற பொண்ணுங்க ரெண்டு பேர் இருக்காங்க. என் ரெண்டு ஓட்டும் விக்கிறதுக்குத்தான்."

ஏழுக்கு மூன்று. விற்பனை முடிந்தது. செப்டம்பர் கடைசியில் வண்டி வந்தது. கருப்பன் திரும்பிப் பார்க்கவில்லை, அப்படியே ஏறிப்போனான். வண்டி ஏறவும் அவர்தானே பழக்கினார்.

இப்போதும் ராத்திரி அந்த நாட்டு ரிசல்ட் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். புது ஆளோடு முதல் போட்டி, தண்ணீரில் 20. இரண்டாவது போட்டியில் சுத்தமாகத் தாண்டியிருக்கிறான். சவாரிப் பெண்மணியிடம் சொன்னேன். "தெரியும், பாத்துட்டேன்" என்றார்.

பங்கு வாங்க நினைப்பவர்கள் கையெழுத்துக்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். விற்பதை முடிவு செய்வது யார்? இன்று ஓட வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? குதிரைக்கு அடிபட்டால் மாதச் செலவு என்னவாகும்? இரண்டாவது கேள்விக்கு 'சவாரி செய்பவருக்கு' என்று பதில் வந்தால் நல்ல இடம் என்று அர்த்தம். ஜூலையில் எனக்கு எரிச்சல் வந்த அந்த வரிதான், ஆகஸ்டில் கருப்பன் நொண்டாமல் ஓடியதற்குக் காரணம்.

விற்ற பணத்தில் பாதியை, அதே லாயத்தில் ஐந்து வயதுக் குதிரை ஒன்றில் பங்காகப் போட்டிருக்கிறேன். ஷீட் வேண்டாம் என்றுதான் சொன்னது.