அத்திரியின் காவல்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் கிளம்பி, மின்னஞ்சல் வழியே உலகம் சுற்றிவந்த சில புகைப்படங்கள் உண்டு. கோவேறு கழுதை ஒன்று பூமாவைப் பல்லால் கவ்வித் தூக்குகிறது, உதறுகிறது, கீழே போட்டு மிதிக்கிறது. கூடவே ஒரு கதையும் வரும்: பாய வந்த பூமாவை அந்தக் கோவேறு கழுதையே கொன்று, தன் எசமானரைக் காப்பாற்றிவிட்டதாம். படங்கள் அசல்தான். கதைதான் ஒட்டவைத்தது. வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே சுட்டுக் கொன்ற பூமா அது. செத்த பூமாவைக் கண்டால் கடித்து உதறுவது அந்த ஒரு பிராணியின் பழக்கம்.

குட்டு வெளிப்பட்ட பிறகும் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. செத்ததே ஆனாலும், புல் தின்னும் பிராணி பூமாவின் பக்கத்தில் ஏன் போகிறது? குதிரையாக இருந்தால் அந்த வாடைக்கே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

விடை அதன் அப்பன் வழியில் இருக்கிறது. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, பிள்ளைக்கு 63. இரண்டு தரப்புக் குரோமோசோம்களும் எண்ணிக்கையிலும் அமைப்பிலும் பொருந்தாததால், மிக அபூர்வமாக ஒன்றிரண்டைத் தவிர இவை குட்டி போடுவதில்லை. உடம்பும் ஓட்டமும் பெரும்பாலும் அம்மாவுடையவை. காதும் குளம்பும் எச்சரிக்கையும் அப்பாவுடையவை.

குதிரையின் மூதாதைகள் திறந்த புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்தவை. அங்கே பிழைக்கும் வழி ஓட்டம். கழுதையின் மூதாதை ஆப்பிரிக்காவின் வறண்ட, கல் நிறைந்த நிலத்துக் காட்டுக்கழுதை. மேய்ச்சல் குறைவான இடத்தில் பெரிய கூட்டம் சேர முடியாது. ஆண் கழுதை தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதைக் காத்து நிற்கும். கரடுமுரடான தரையில் கண்மண் தெரியாமல் ஓடினால் கால் முறியும். ஆகவே ஆபத்து வந்தால் கழுதை முதலில் நிற்கும், காதைத் திருப்பும், எதிரியை அளக்கும். ஓடுவதா, மோதுவதா என்பது பிறகுதான். அதிலும் நாய் இனத்தைக் கண்டால் அதற்கு ஆகவே ஆகாது. ஓநாயோ கொயோட்டியோ பக்கத்து வீட்டு நாயோ, பெரும் சத்தத்துடன் கத்திக்கொண்டு துரத்தும், கடிக்கும், முன்னங்காலால் மிதிக்கும்.

அமெரிக்காவின் டெக்சஸ் பகுதியில் ஆடு வளர்ப்பவர்கள் இந்தப் பகையைத்தான் காவலாக மாற்றிக்கொண்டார்கள். கிடைக்கு ஒரு பெட்டைக் கழுதை, இல்லையென்றால் காயடித்த ஆண். காயடிக்காத கடுவனை விட்டால் ஆட்டையே துவைத்துவிடும். ஒன்றுக்கு இரண்டாக விடுவதும் வீண், இரண்டும் தங்களுக்குள் துணை சேர்ந்து ஆட்டை மறந்துவிடும். தன் இனத்தின் முகம் தெரியாமல் ஒற்றையாக விட்டு, சில வாரம் ஆடுகளின் பக்கத்திலேயே தீனி போட்டுப் பழக்கினால், அதற்கு ஆடுகளே கூட்டமாகிவிடும். கொஞ்சம் கொடுமைதான். நாம் பெருமையாகச் சொல்லும் காவலுக்கு அடியில் ஒரு பிராணியின் தனிமை இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு சங்கதி: மாடு, ஆட்டுத் தீவனங்களில் சில இடங்களில் கலக்கப்படும் மோனென்சின் என்ற மருந்து, குதிரை, கழுதை இனங்களுக்கு விஷம். ஆட்டோடு மேய்கிறதே என்று அந்தத் தீவனத்தை வைத்தால் காவலாளி செத்துப்போகும்.

காவலுக்கான முதல் ஆயுதம் அந்தக் குரல். இருட்டில் கழுதை கத்தினால் ஆட்டுக்காரர் எழுந்துவிடுவார், வந்த விலங்கும் தயங்கும். போர்க்களத்தில் இதே குரல் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 1944-இல் பர்மாக் காட்டுக்குள் ஜப்பானியப் படைகளின் பின்புறம் இறங்கிய சிண்டிட் என்னும் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர், விமானங்களிலும் கிளைடர்களிலும் கோவேறு கழுதைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். போவதற்கு முன்பு அவற்றின் குரல்நாணை அறுத்து ஊமையாக்கினார்கள்.

கோவேறு கழுதையைக் கிடைக்குக் காவலாக விடலாமா? விடுகிறவர்கள் உண்டு. அப்பனைவிடப் பெரிய உடம்பு, பின்னால் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் வீசக்கூடிய உதை. ஒரு நாயை விரட்ட இது அதிகப்படி. ஆனால் எல்லாம் ஆட்டை ஏற்றுக்கொள்வதில்லை. சில, புதிதாக ஈன்ற குட்டியை அந்நியம் என்று எண்ணி மிதித்துவிடும். நாய்க்குக் கட்டளை இடலாம். இதனிடம் கேட்டுப் பார்க்கத்தான் முடியும். முடிவு அதனுடையது.

அந்த முடிவெடுக்கும் மூளையைச் சிலர் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் பிரிட்டனைச் சேர்ந்த லீன் ப்ரூப்ஸ், ஃபெய்த் பர்டன், பிரிட்டா ஓஸ்ட்ஹவுஸ் ஆகிய ஆய்வாளர்கள் குதிரை, கழுதை, கோவேறு கழுதை மூன்றுக்கும் ஒரே பாடம் வைத்தார்கள். இரண்டு உருவங்களில் எதைத் தேர்ந்தால் தீனி கிடைக்கும் என்று கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளை, பெற்றோர் இருவரையும் முந்தியது. 2013-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. தடுப்புக்குப் பின்னால் தீனி வாளி, தடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வழி. சில முறை அந்த வழியில் போகவிட்டுப் பிறகு அதை அடைத்து, மறுபக்கத்தைத் திறந்தார்கள். குதிரைகள் பெரும்பாலும் பழைய பக்கத்துக்கே போய் நின்றன. கழுதைகளும் கோவேறு கழுதைகளும் அப்படிப் பழைய பக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வழியை மாற்றுவதற்கு முன்பு தடுப்பைத் தாண்டியதில் கோவேறு கழுதைகளே பெற்றோர் இருவரையும் விட வேகம். சோதித்த விலங்குகள் மொத்தம் 36தான், சின்னக் கணக்குதான். ஆனாலும் கலப்பினத்தின் வீரியம் தசைக்கு மட்டும் வாய்க்கவில்லை என்று சந்தேகிக்க இது போதும்.

“முரண்டு பிடிக்கிறது” என்று நாம் திட்டுவதும் இங்கேதான் வருகிறது. சரியும் பாதையில் குதிரையை அதட்டினால் பயந்துகொண்டாவது கால் வைக்கும். கோவேறு கழுதை வைக்காது. அடித்தாலும் நிற்கும். அதன்மேல் உட்கார்ந்திருப்பவரின் உயிர் தப்புவது அதன் சொந்த உயிர்மேல் அதற்குள்ள அக்கறையால்தான். நாம் அதில் ஒட்டிக்கொண்டு பிழைக்கிறோம்.

நம் பழைய இலக்கியத்துக்கு இந்தப் பிராணியைத் தெரியும். பெயர் அத்திரி. சிலப்பதிகாரத்தில் கோவலன் கடலாடப் போவது அத்திரியின் மேல்தான். அகநானூற்றுப் பாட்டு ஒன்றில், கழியைக் கடக்கையில் சுறா தாக்கிக் காலில் புண்பட்ட அத்திரி வருகிறது. கோ ஏறும் கழுதை என்று பின்னால் வந்த பெயரும் மரியாதையானதே. வெறும் கழுதையை மட்டும் நாம் வசைச்சொல்லாக வைத்துக்கொண்டோம்.

இதன் குணத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது சண்டையோ புத்தியோ அல்ல, துணையை விடாத பிடிப்பு. 1835 மார்ச்சில் சார்லஸ் டார்வின் சிலியிலிருந்து ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது அவரிடம் 10 கோவேறு கழுதைகளும் ஒரு பெட்டைக் குதிரையும் இருந்தன. அந்தக் குதிரைக்கு ‘மத்ரினா’ என்று பெயர். ஞானத்தாய் என்று சொல்லலாம். ஏறவும் சுமக்கவும் அது வேண்டாம், கழுத்தில் ஒரு சின்ன மணியோடு முன்னால் நடந்தால் போதும். மற்றவை பிள்ளைகள்போலப் பின்னால் போகும். ராத்திரி பல சாத்துகளின் விலங்குகள் இருநூறு முந்நூறு ஒரே வெளியில் கலந்து மேய்ந்தாலும், காலையில் ஒவ்வொரு மத்ரினாவையும் ஒதுக்குப்புறம் கொண்டுபோய் மணியை ஆட்டினால், தன் மத்ரினாவின் மணியை அறிந்து அதது வந்து சேரும் என்று டார்வின் எழுதியிருக்கிறார். பழகிய ஒன்றைச் சில மணிநேரம் பிடித்து வைத்துவிட்டு அவிழ்த்தாலும், நாய்போல மோப்பம் பிடித்துத் தன் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிடுமாம்.

இதைப் படித்தபோது பெடோங்கி நினைவுக்கு வந்தது. 1962-இல் இந்திய ராணுவத்தில் சேர்ந்த பெண் கோவேறு கழுதை அது. 1971 போரில் பாகிஸ்தான் வீரர்களிடம் பிடிபட்டது. அவர்கள் அதன் முதுகில் ஓர் இயந்திரத் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டிகளையும் ஏற்றினார்கள். சமயம் பார்த்து அது சுமையோடு நழுவி, 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்து இந்தியக் காவல் அரணுக்கே வந்து நின்றது. பின்னாளில், நெடுங்காலம் பணியாற்றிய ராணுவக் கோவேறு கழுதை என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. ராணுவத்தில் இதை விசுவாசம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று பெடோங்கிக்குத் தெரிந்திருக்காது. தீனித்தொட்டியும் அதில் தன்னோடு வாய் வைக்கும் மற்றவையும் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்.