திருவெளிப்பாட்டு நூலின் அதிகாரம்: ஏற்பும் பொருள்கோளும்

புதிய ஏற்பாட்டின் இறுதி நூல் தமிழில் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றும் 'திருவெளிப்பாடு' என்றும் வழங்குகிறது. தொடக்கத்திலேயே தன்னை இறைவாக்கு எனக் கூறிக்கொள்ளும் இந்நூல், தன் சொற்களில் கூட்டலும் குறைத்தலும் கூடா என்னும் எச்சரிக்கையுடன் முடிகிறது. எனினும், கிறித்தவ மறைநூல்களுள் இதனைப் போல நீண்ட ஐயத்திற்கு உள்ளான நூல்கள் சிலவே. அந்த ஐயம் நூலாசிரியர் யார் என்னும் வினாவோடு நின்றுவிடவில்லை. நூலை எவ்வாறு பொருள்கொள்வது என்னும் சிக்கலோடும் பிணைந்திருந்தது.

2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினும் இரனேயுவும் இதனைத் திருத்தூதர் யோவானின் நூலாகவே கொண்டனர். 20ஆம் அதிகாரம் கூறும் ஆயிரம் ஆண்டு ஆட்சி இம்மண்ணுலகில் நிகழும் என்றும் எதிர்பார்த்தனர். 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்தில் நேப்போசு என்னும் ஆயர் இக்கருத்தை வலியுறுத்தினார். அதனை மறுத்த அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு மொழிநடையைச் சான்றாக்கினார். யோவான் நற்செய்தியின் கிரேக்கம் பிழையற்றது. திருவெளிப்பாட்டின் கிரேக்கத்திலோ இலக்கண வழுக்கள் உள்ளன. சொல்லாட்சியும் வேறுபடுகிறது. ஆதலால் இதனை இயற்றியவர் மற்றொரு யோவான் என்பது அவர் முடிவு. ஆயினும் அவர் நூலைத் தள்ளவில்லை. தம் அறிவுக்கு எட்டாத ஆழ்பொருள் அதில் இருத்தல் கூடும் என்றே கருதினார். ஆசிரியர் பற்றிய ஐயமும் நூலின் மதிப்பும் வெவ்வேறானவை என்னும் தெளிவு இங்குப் புலனாகிறது.

4ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் யூசேபியு இந்நூலை ஏற்கப்பட்டவற்றோடும் மறுக்கப்பட்டவற்றோடும் ஒருங்கே சுட்டினார். எருசலேமின் சிரில் தம் பட்டியலில் இதனைச் சேர்க்கவில்லை. அத்தனாசியு 367இல் வெளியிட்ட 27 நூல்களின் பட்டியலில் இது இடம்பெற்றது. பின்னர் அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' 20ஆம் பகுதியில், ஆயிரம் ஆண்டு என்பது திருச்சபையின் நிகழ்காலத்தையே குறிக்கும் என விளக்கினார். இவ்விளக்கத்தால், மண்ணுலக ஆட்சியை எதிர்பாராமலேயே நூலை ஏற்கும் வழி மேலைத் திருச்சபையில் உறுதிப்பட்டது.

ஏற்பு எங்கும் ஒரே தன்மையதாக அமையவில்லை. சிரியாக் மொழியின் பெஷித்தா மொழிபெயர்ப்பில் இந்நூல் முதலில் இடம்பெறவில்லை. பைசாந்திய மரபினர் இதனை மறைநூலாக ஏற்றும் வழிபாட்டு வாசகங்களில் சேர்ப்பதில்லை. மார்ட்டின் லூதர் 1522ஆம் ஆண்டு முன்னுரையில், இது தூய ஆவியின் ஆக்கம் எனத் தமக்குத் தோன்றவில்லை என்னும் கருத்தை வெளியிட்டார். 1530இல் எழுதிய புதிய முன்னுரையில் இதனைத் திருச்சபை வரலாற்றின் முன்னறிவிப்பாக விளக்கினார். 1534-35இல் மூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய அனபாப்திஸ்தர் அதனைப் புதிய எருசலேமாகக் கண்டனர். அம்முயற்சி முற்றுகையிலும் பேரழிவிலும் முடிந்தது. பொருள்கோளின் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இது சான்று.

தற்கால வரலாற்றுத் திறனாய்வாளருள் பெரும்பாலோர் இந்நூலை 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமைப் பேரரசை எதிர்கொண்ட ஆசியத் திருச்சபைகளுக்கான செய்தியாகக் காண்கின்றனர். எதிர்கால நிகழ்ச்சிகளின் வரிசையாகக் கொள்வோரும் உளர். இரு சாராரும் ஏற்பது ஒரே நூலையே. எனவே பட்டியலில் இடம்பெறுதல், வழிபாட்டில் வாசிக்கப்படுதல், கோட்பாட்டிற்கு அடிப்படையாதல் ஆகிய மூன்றும் தனித்தனி நிலைகள் எனலாம். முதல் நிலையை உறுதிசெய்த பட்டியல்கள் ஏனைய இரண்டையும் முடிவுசெய்யவில்லை; அவற்றைத் தீர்மானித்தவை வாசிக்கும் சமூகங்களின் பொருள்கோள் மரபுகளே.