ஒலிக்காத ஓர் எழுத்து

பிரான்சின் வடபகுதியில் தடுக்கி விழுந்தால் ஒரு 'லெஃபெவ்ர்' மேல்தான் விழ வேண்டும். அவ்வளவு பரவலான குடும்பப் பெயர் அது. பொருள், கொல்லர். லத்தீனின் 'ஃபாபர்' பழைய பிரெஞ்சில் 'ஃபெவ்ர்' ஆனது. முன்னால் 'லெ' சேர்ந்துகொண்டது. அப்பன் அடித்த சம்மட்டி பிள்ளைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

எழுத்தில்தான் வேடிக்கை. லத்தீன் படித்த எழுத்தர்கள், மூலச்சொல் மறக்கக் கூடாதென்று, யாருமே உச்சரிக்காத ஒரு 'பி' எழுத்தை நடுவில் செருகிவிட்டார்கள். 'யு', 'வி' இரண்டுக்கும் ஒரே வடிவம் எழுதிய காலம் வேறு. விளைவு, சில குடும்பங்கள் 'லெஃபெபூர்' ஆகிவிட்டன. படித்தவர்கள் பார்த்த வேலை!

தெற்கே அதே கொல்லர் ஃபாப்ர், ஃபோர். பிரெத்தாஞ் பகுதியில் லெ கோஃப். பூச்சிகளை ஆராய்ந்த ழான் ஆன்றி ஃபாப்ரும் பெயரளவில் கொல்லரே.

1539இல் மன்னர் முதலாம் பிரான்சுவா, தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க ஆணையிட்டார். பெயர்கள் மெல்ல நிலைத்தன. பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயர் கூடாது என்று 1794இல் புரட்சி அரசு சட்டமே போட்டது. செருகிய 'பி'யும் அப்படியே தங்கிவிட்டது.