மாத்திரையில் மருந்து எவ்வளவு?

என் தந்தையார் இரத்த அழுத்தத்திற்கு அட்டெனலால் மாத்திரை உண்பவர். அழுத்தம் குறையவில்லை. “மாத்திரையில் மருந்தே இல்லை” என்றார். வேதியியல் பயிலும் நான் அதனை நமது ஆய்வுக்கூடத்தில் சோதிக்க விழைந்தேன்.

அதே தொகுதியைச் சேர்ந்த 20 மாத்திரைகளை எடைபோட்டு, சராசரி எடை கண்டு, பொடித்தேன். ஒரு மாத்திரையின் எடையளவு பொடியை மெத்தனாலில் கரைத்து வடிகட்டினேன். அட்டெனலால் 275 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரை உட்கவரும். செறிவு கூடினால் உட்கவர்தலும் நேர்விகிதத்தில் கூடும்; இதுவே பீர்-லாம்பர்ட் விதி. செறிவு தெரிந்த தூய அட்டெனலால் கரைசலோடு ஒப்பிட்டேன். 50 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்த மாத்திரையில் 49.2 மில்லிகிராம் இருந்தது.

குருதியில் அளக்க இம்முறை போதாது. அங்கே மருந்து நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். புரதம் முதலியனவும் புறஊதாக் கதிரை உட்கவரும். ஆதலால் முதலில் புரதத்தை நீக்கி, நீர்ம நிறப்பிரிகை முறையில் மருந்தைத் தனியே பிரித்து, நிறைமானியால் அளப்பர். நோயாளி மருந்தை உட்கொண்டாரா என்பதைச் சிறுநீரிலும் இவ்வாறே அறியலாம்.

என் தந்தையாருக்கு அச்சோதனை தேவைப்படவில்லை. என் கணக்கைக் காட்டியதும் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “மாதக் கடைசியில் பாதி மாத்திரைதானப்பா போடுகிறேன்” என்றார்.

நண்பர்களே! மருந்தைக் குறைகூறுமுன், அதை உண்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.