உங்களுக்குத் தெரியுமா?

தாயின் ஸ்தனம் பாலைச் சேமித்து வைக்கும் குடமன்று. இறைக்க இறைக்க ஊறும் கேணியே ஆதலால், பால் நிறைந்து தேங்கி நிற்கும்போது சுரப்பு மந்தமாகி, அது வெளியேறுந்தோறும் துரிதமடைகிறது என்பது ஆச்சரியமாயினும் உண்மையே.

• பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவிலேயே மிகுதியாகப் பெருகுவதால், சிசுவைப் பிரிந்திருந்து பம்பினால் பாலெடுக்கும் தாய், ஆரம்ப வாரங்களில் நாளொன்றுக்கு 8 தடவைக்குக் குறையாமலும், அவற்றுள் ஒன்றேனும் இரவில் அமையுமாறும் எடுப்பது சிரேஷ்டம்.

• பம்பில் வந்ததே சுரப்பின் முழு அளவென்று விசனப்பட வேண்டியதில்லை. ஆரோக்கியமான சிசு, பெரும்பாலும் யந்திரத்தினும் சாமர்த்தியமாக உறிஞ்ச வல்லது.

• எடுத்த பால், 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாட்களும் கெடாதிருக்கும்.