கெடா தமிழ் ஆய்வுகள் மேற்கோள் கணக்கில் விடுபடுவது ஏன்?

சுங்கை பட்டாணி – பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களிடம், "உங்கள் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தமிழ் இலக்கிய ஆய்வாளர்களும் இதற்கு விலக்கல்ல.

இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005ஆம் ஆண்டு முன்வைத்த அளவுகோல் இது. ஒருவருடைய 10 கட்டுரைகளில் 4 கட்டுரைகளைத் தலா 4 முறையாவது பிறர் மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எண் 4. அது 5 ஆக உயர, 5 கட்டுரைகள் தலா 5 மேற்கோள் பெற வேண்டும்.

சிக்கல், எங்கே எண்ணுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டுமே எண்ணுகின்றன. அவற்றில் ஆங்கில ஆய்விதழ்களே மிகுதி. கூகல் ஸ்காலரின் வலை பெரியது. ஆனாலும் இணையத்தில் இல்லாத நூல் அதன் கண்ணில் படாது.

பீடோங்கில் 1940இல் பிறந்த பேராசிரியர் டாக்டர் ரெ. கார்த்திகேசுவை எடுத்துக்கொள்வோம். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்புத் துறைப் பேராசிரியராக இருந்தவர். 'அந்திம காலம்' உள்ளிட்ட நாவல்களை எழுதியவர். மலேசியத் தமிழ் இலக்கிய விமர்சனத்தில் தவிர்க்க முடியாதவர். 2016இல் மறைந்தார். இத்தகையோரின் விமர்சனம் நாளிதழ் ஞாயிறு பதிப்பிலும், மாநாட்டு மலரிலும், நூல் முன்னுரையிலும் வருவது நம் மரபு. அவற்றுக்குத் தரவுத்தளத்தில் இடமில்லை. எண் சிறியதாக இருப்பதால் பங்களிப்பும் சிறியது என்று முடிவு கட்டிவிட முடியாது.

பெயரும் தடையாகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரைக் கணினி குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும்; 'கார்த்திகேசு' என்பதை ரோமன் எழுத்தில் இரண்டு விதமாக எழுதினால் இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும். 2012இல் அறிமுகமான ஓர்கிட் எண் இதற்காகவே வந்தது. ஆய்வாளர்கள் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம்.

மற்றது வாசகர் கையிலும் இருக்கிறது. கூலிம், லூனாஸ், பீடோங் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆய்வேடு எழுதும் மாணவர்கள், "ஓர் அறிஞர் கூறியதுபோல" என்று கடந்துவிடாமல், ஆசிரியர் பெயர், நூல், ஆண்டு, பக்கம் நான்கையும் குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தால்தான் அது மேற்கோளாகக் கணக்கில் ஏறும்.